பாறைமேல் ஏறிப் பார்க்க வாருங்கள்

(ஓசூரில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் போகாதவர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டீர்கள். சூளகிரியைத் தாண்டி மேலுமலையில் சாலை இறங்கத் தொடங்கியதும் காற்றில் சூடு ஏறும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி. அந்த இறக்கத்தில் இரு பக்கமும் பாருங்கள். மரம் அதிகமில்லாத கல்மலைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், தரையைப் பிளந்துகொண்டு எழுந்து நிற்கும். நம்மில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம், அல்லது முதல் ஷிப்ட் முடிந்த களைப்பில் கண்ணயர்ந்திருப்போம். அந்த மலைகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கைப்பேசியில் இளைஞர்கள் ஆசையோடு பார்க்கும் படங்கள் எனக்கும் தெரியும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஐஸ்லாந்துப் பக்கம், கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைத் தீவுகள். மேலே புல், நடுவே மூடுபனி, கீழே அலை. அந்த ஆசையை மட்டம்தட்ட நான் வரவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். அந்தத் தீவுகளிடமிருந்து நாம் கற்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் தமிழ்நாட்டின் இந்த வடமேற்கு மூலையில் நிற்கும் மலைகளையும் நிலவியலாளர்கள் தீவுக்குன்றுகள் என்றே வகைப்படுத்துகிறார்கள். கடல் இருக்க வேண்டிய இடத்தில் ராகிக் கொல்லையும் மாந்தோப்பும் தக்காளித் தோட்டமும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்தப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இமயமலை உயரத் தொடங்கி 5 கோடி ஆண்டுதான் ஆகிறது என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இவை பூமிக்கு வெகு ஆழத்தில், பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருவானவை. மேலே இருந்த மண்ணையும் மெல்லிய பாறையையும் மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கொண்டுபோக, உறுதியானவை மட்டும் வெளியே நின்றுவிட்டன. மேலே இருந்த பாரம் நீங்கியதும் பாறை விரிகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்துகொள்ள, வெங்காயச் சருகு உரிவதுபோலத் தகடு தகடாக உரிகிறது. ராயக்கோட்டை மலையின் சரிவில் இதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஒரு தகட்டின் விளிம்பில் தட்டினால் உள்ளே பொள்ளலான ஓசை கேட்கும். என்றாவது ஒருநாள் அது தனியே கழன்றுவிடும்.

தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் இதை மொட்டைப் பாறை என்பார்கள். மழைக்காலத்தில் ஏறிப் பாருங்கள். பாறையின் மேல்பரப்பில் சிறு பள்ளங்கள் இருக்கும். மழைநீரும் பாசியும் வெளியிடும் மெல்லிய அமிலம் கல்லிலுள்ள மென்மையான தாதுக்களைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய பள்ளங்கள். ஆழமானவற்றைச் சுனை என்கிறோம். ஆழமில்லாத பள்ளம் ஒன்றின் அருகே குத்துக்காலிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உள்ளங்கை அகலத் தண்ணீரில் தலைப்பிரட்டைகள் ஓடும். நகத்தளவு இறாலினம் ஒன்று முதுகுப்புறம் கீழாக நீந்தும். கோடையில் இந்தத் தண்ணீர் முழுதும் வற்றி, கொஞ்சம் தூசி மட்டும் மிஞ்சும். அந்தத் தூசிக்குள் அந்த இறாலின் முட்டைகள் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், காத்துக்கிடக்கும். அடுத்த மழைக்குப் பொரிந்து, பள்ளம் வற்றுவதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு முடித்துவிட வேண்டும். ஓரத்து ஈர மண்ணில் அழுகண்ணி முளைக்கும். இலை நுனியில் பனித்துளிபோல் நிற்கும் பசையில் எறும்பு ஒட்டிக்கொண்டால், இலை மெல்ல மடங்கி அதை உண்ணும். மண்ணில் சத்து இல்லாததால் செடி கண்டுபிடித்த வழி அது. காய்ந்த சருகாகக் கிடந்த ஒரு புல், மழை பெய்த மறுநாளே பச்சை பிடித்திருக்கும். நாம் செத்துப்போயிற்று என்று மிதித்துச் சென்ற புல்தான்.

இந்த உயிர்களுக்கு அந்தக் குன்றுதான் உலகம். கீழே இறங்கி அடுத்த குன்றுக்கு நடந்து போக அவற்றால் முடியாது. நடுவில் இருக்கும் வயலும் சாலையும் அவற்றுக்குக் கடல்தான். ஒரு குன்றை வெட்டி எடுத்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல முடியாதது இதனால்தான்.

பாறை ஓணானையும் சொல்லாமல் விட முடியாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு முதுகு செம்மஞ்சளாகவும் பக்கங்கள் கறுப்பாகவும் மாறிவிடும். காலை வெயிலில் பாறை நுனியில் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். பெண் ஓணான் பாறை நிறத்திலேயே இருப்பதால் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். அதைவிட அரியது மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் பாறை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. பறவை ஆர்வலர்கள் அதைப் பார்க்கவென்றே நந்திமலைக்குப் போகிறார்கள். நம் மேலகிரி மலைத்தொடரிலும் அது இருக்கிறது.

ராயக்கோட்டைக்கு வருகிறேன். முதலில் எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த மலையைத்தான். ஊர் தக்காளி மண்டிக்குப் பேர்போனது. ஓசூரிலிருந்து பேருந்து உண்டு, சேலம் மார்க்கத்து ரயில்களில் சிலவும் நிற்கின்றன. கீழ்நாட்டிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் கணவாயைக் காவல் காக்கிற மலை இது. அதனால்தான் 1791 ஜூலையில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை ஓசூரைப் பிடித்த கையோடு ராயக்கோட்டைக்கு வந்தது. மேஜர் கௌடி தலைமையிலான படை அதைக் கைப்பற்றியது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டைமீது கர்னல் மேக்ஸ்வெல் நடத்திய தாக்குதல் தோற்றுப்போயிற்று. மேலிருந்து உருட்டிவிட்ட கற்களே பலரைச் சாய்த்தன. இன்று கிருஷ்ணகிரி நகரிலிருந்து சையத் பாஷா மலையை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகால் என்ற இந்த வட்டாரம் முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். அந்த ஆண்டே சென்னையிலிருந்து தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள் பல்லக்குகளோடு புறப்பட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். ஓசூரையும் ராயக்கோட்டையையும் வரைந்து, லண்டனில் ஓரியண்டல் சீனரி என்ற பெயரில் வெளியிட்ட அச்சுப்படத் தொகுதிகளில் சேர்த்தார்கள். போர் முடிந்த அதே வருடம், காட்சிக்காக மட்டுமே இந்த மலைகளைத் தேடி வந்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு 230 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளூர்க்காரர்களாகிய நாம் அந்த அளவுக்காவது நின்று பார்த்திருக்கிறோமா?

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி இரண்டு கோட்டைகளும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. ஏறும்போது கோட்டைச் சுவரின் வேலைப்பாட்டைக் கவனியுங்கள். பாறை எங்கே செங்குத்தாக இருக்கிறதோ அங்கே சுவர் கட்டவில்லை, மலையையே சுவராக விட்டுவிட்டார்கள். ஏற இடமுள்ள இடைவெளியில் மட்டும் கல் அடுக்கியிருக்கிறார்கள். முற்றுகையிட்டவனுக்குத் தண்ணீர் இல்லை, மேலே இருந்தவனுக்குச் சுனை இருந்தது. இந்தச் சுனைகள் இல்லையென்றால் இந்தக் கோட்டைகளே இல்லை.

கோட்டைக்கெல்லாம் முந்தைய மனிதர்களும் இதே பாறைகளைத்தான் நாடி வந்தார்கள். பர்கூர் பக்கம் தொகரப்பள்ளியை ஒட்டிய மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நம் வேலைத்தலங்களில் இன்று இரும்பை உருக்கி, கடைந்து, வார்ப்படம் போடுகிறோம். அதே தொழிலை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையடிவாரத்தில் செய்திருக்கிறார்கள். மல்லச்சந்திரம் என்ற ஊரில் இன்னொரு காட்சி. திறந்த பாறைமேட்டின் மீது கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையை மூடி, வீடு போலக் கட்டிய கற்திட்டைகள். இறந்தவர்களுக்காக எழுப்பியவை. சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை நிறத்தில் தீட்டிய உருவங்கள் இருக்கின்றன. முன்னே நிறுத்திய பலகையில் வட்டமாக ஒரு துளை. அந்தப் பலகைகள் எங்கிருந்து வந்தன? நான் முன்பு சொன்ன உரிந்த தகடுகள்தாம். மலை உரித்துக் கொடுத்ததை அவர்கள் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கெலமங்கலம், ராயக்கோட்டைப் பக்கம் எழுந்திருக்கும் மின்னணு ஆலைகளில் வேலை செய்ய ஜார்க்கண்டிலிருந்து ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வந்திருக்கிறார்கள். விடுதி, ஆலை வண்டி, ஆலை, மறுபடி விடுதி. வார விடுமுறை நாளில் எங்கே போவது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அவர்களில் பலருடைய ஊர் சோட்டாநாக்பூர் மேட்டுநிலம். அங்கேயும் இதே போன்ற பழம்பாறைகள் உண்டு. அங்குள்ள முண்டா மக்கள் இறந்தவர்களுக்குக் கற்பலகை வைக்கும் இடத்தைச் சசன்திரி என்கிறார்கள். சோகாஹாட்டு என்ற ஊரில் அப்படிப்பட்ட பெரிய கல்மயானம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மல்லச்சந்திரத்தின் கற்திட்டை நமக்குப் புதிராகத் தெரியலாம். ஒரு முண்டாப் பெண்ணுக்கு அது சொந்த ஊர்ப் பெரியவர்கள் உறங்கும் இடத்தைப் போலத் தெரியும். அவர்களை அழைத்துப் போங்கள் என்று இங்கே இருக்கும் சங்கத்துத் தோழர்களையும் ஆலை மனிதவள அதிகாரிகளையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வண்டி, மதியத்துக்குப் புளிச்சோறு. அதற்கு மேல் செலவில்லை.

தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் வேறு மாதிரி நிலம். அங்கே குன்றுகள் தொடராகி மேலகிரி ஆகின்றன. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக 504 சதுர கிலோமீட்டருக்கு மேல் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயமும் 686 சதுர கிலோமீட்டரில் சேர்ந்துகொண்டது. பெட்டமுகிலாளத்தின் குளிர், அய்யூர்க் காட்டின் மூங்கில், சாமி ஏரி எல்லாம் இந்த வட்டாரம்தான். பிலிகுண்டுலுவில் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 2018இல் உச்சநீதிமன்றம் நமக்கு உரியது என்று சொன்ன 177.25 டி.எம்.சி. தண்ணீர் அளக்கப்படுவது அங்கேதான். ஆனால் இந்தக் காட்டுப் பகுதிக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ராகி கதிர் பிடிக்கும் நேரம் பன்னார்கட்டாவிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாக வரும். சானமாவு வரை வந்து நெடுஞ்சாலையைக் கடக்கும். பரண் மேல் இரவெல்லாம் விழித்திருந்து கொல்லையைக் காக்கும் விவசாயிக்கு அது வேடிக்கையில்லை. யானையைப் படம் பிடிக்க அதன் பின்னே ஓடுவது உயிரோடு விளையாடுவது. பக்கத்துக் கொல்லைக்காரரின் உயிரும் அதில் அடங்கும்.

தொடக்கத்தில் பேசிய பாறைத் தீவுகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேனே, அவை பரோயே தீவுகள். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே வட அட்லாண்டிக்கில் 18 தீவுகள். மக்கள்தொகை 50 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும், ஆடுகளின் எண்ணிக்கை அதைவிட அதிகம். அந்த மலைமுகடுகளின் படம் உலகமெங்கும் பரவியதும் கூட்டம் குவிந்தது. நடைபாதைகள் சேறாகின. புல்தரை அரித்துப்போயிற்று. 2019 ஏப்ரலில் அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். முக்கியமான சுற்றுலா இடங்களை ஒரு வார இறுதிக்கு மூடினார்கள், உடலுழைப்புக்கு வருபவர்களுக்கு மட்டும் திறந்து வைத்தார்கள். பல நாடுகளிலிருந்து 100 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். உணவும் தங்குமிடமும் ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். வந்தவர்கள் கல் சுமந்தார்கள், படி கட்டினார்கள், பாதைக்கு அடையாளக் கம்பு நட்டார்கள். அது பல ஆண்டுகள் தொடர்ந்தது.

நம் மலைகளில் கூட்டம் இல்லை, ஆனாலும் கேடு வந்துவிட்டது. பாறை முழுக்கப் பெயின்ட்டில் காதலர் பெயர்களும் கட்சிச் சின்னங்களும். சுனையில் உடைந்த பாட்டில். பெயின்ட் கசிந்து சுனை நீரில் இறங்கினால் நான் சொன்ன அந்த இறாலும் தலைப்பிரட்டையும் மிஞ்சாது. அதையெல்லாம் நாம் ஒரு நாளில் பொறுக்கிவிடலாம். பொறுக்க முடியாத ஒன்று இருக்கிறது.

கிருஷ்ணகிரி கிரானைட்டை உலகம் அறியும். ஜெகதேவி, பர்கூர் பக்கத்துப் பாரடிசோ கல் வெளிநாட்டு வீடுகளின் சமையல் மேடையாகவும் கல்லறைப் பலகையாகவும் போகிறது. இந்த அரங்கில் இருப்பவர்களின் வீட்டிலேயே குவாரியில் வேலை செய்பவர்கள் இருப்பார்கள். அந்தப் பிழைப்பை மூடிவிடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மலை எப்படிக் குவாரி ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராமப் பதிவேட்டில் அது மலை என்றே இருக்காது. கல்லாங்குத்து, கரடு, பாறைப் புறம்போக்கு, தீர்வை ஏற்படாத தரிசு என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். எதற்கும் உதவாத நிலம் என்று அந்தத் தாள் சொல்கிறது. அங்கே சுனை இருப்பதும் சின்னான் இருப்பதும் கற்திட்டை இருப்பதும் எந்தப் பத்தியிலும் இல்லை. ஏலத்துக்கு விடும் அதிகாரி அந்தத் தாளைத்தான் பார்க்கிறார். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் மாநில அரசு விதி கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் அந்த விதியிலிருந்து காப்புக்காடு நீக்கப்பட்டது. சரணாலயம், தேசியப் பூங்கா போன்றவற்றுக்கு மட்டும் அது நிற்கிறது. நம் தனிக்குன்றுகளில் பெரும்பாலானவை சரணாலயத்துக்குள் இல்லை, காப்புக்காட்டுக்குள்ளும் இல்லை.

வெட்டி முடித்த பள்ளங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. குவாரிக் குட்டையில் குளிக்க இறங்காதீர்கள். சுனைக்குக் கரை சரிவாக இறங்கும், குவாரிக்குக் கரையே இல்லை. முதல் அடியிலேயே ஆழம். ஏறிவரப் பிடிமானம் கிடையாது.

மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி மக்கள் வேறு வழி காட்டினார்கள். அதுவும் கல்மலை ஊர்தான். அங்கும் சுனைகள், குடைவரைக் கோயில், வல்லூறுகள். குவாரிக்கு எதிராக ஊர் மக்கள் நின்றார்கள், பறவைகளையும் சுனைகளையும் ஆர்வலர்களோடு சேர்ந்து பட்டியலிட்டார்கள். 2022 நவம்பரில் சுமார் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது, மக்கள் மதுரை வரை ஊர்வலம் போனார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தங்கள் மலையில் என்னென்ன இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு விரல்நுனியில் தெரிந்திருந்தது. ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். உங்களை மலைக்கு அழைப்பதற்கு என் முதல் காரணம் இதுதான். காட்சி அழகு, உடல்நலம், மன ஆறுதல் எல்லாம் கூடவே வரும்.

பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து மாநில அரசு அறிவிக்க வேண்டும். ஆகவே தொடங்க வேண்டிய இடம் ஊராட்சி. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊர் மலையின் சர்வே எண்ணை முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். அடுத்த மழைக்குப் பிறகு பிள்ளைகளோடு ஏறுங்கள். காலை 6 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்குள் இறங்கிவிடுங்கள், அதன்பிறகு பாறை சுடும். இடி இடிக்கும் நாளில் வேண்டாம். தேன்கூடு தொங்கும் பாறைக்குக் கீழே சத்தமும் புகையும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல பிடிப்புள்ள செருப்பு, ஒரு நோட்டுப்புத்தகம். எத்தனை சுனை, எதில் கோடை வரை தண்ணீர் நிற்கிறது, என்ன பறவை, எங்கே கற்திட்டை, எங்கே நடுகல், ஊர்ச்சாமி எந்தப் பாறையில் என்று எழுதுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். பாதி விவரம் அவருக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியலைத் தீர்மானத்தோடு இணைத்துக் கிராம சபையில் வையுங்கள், நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தின் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரிப் படிவம் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறேன். தமிழில் இருக்கிறது, தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதித்தர நண்பர்கள் வந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்போம். உங்கள் ஊர்ப் பெயரையும் மலையின் பெயரையும் சொல்லுங்கள், இன்றைக்கே சேர்ந்து எழுதிவிடலாம்.